டர்க்கி டவலில் சிக்கும் தலைமுடி: துவைத்தும் ஏன் போவதில்லை, எப்படி எடுப்பது?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன். வீட்டில் மூன்று பேருக்கு நீளக் கூந்தல். குளியல் டவல்களை ஃப்ரண்ட் லோட் மெஷினில் இரண்டு முறை ஓடவிட்டும் முடி அப்படியே இருக்கிறது, முகம் துடைத்தால் கன்னத்தில் வந்து ஒட்டுகிறது. வினிகர் ஊற்றினால் போகுமா, ஒட்டும் தாள் ரோலர் வாங்கலாமா, பேசாமல் டவல்களையே மாற்றிவிடலாமா என்கிறீர்கள். இந்த மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: மெஷின் ஏன் முடியை எடுக்கவில்லை? வாஷிங் மெஷின் செய்யும் வேலை, அழுக்கையும் எண்ணெயையும் சோப்பு நீரில் கரைத்து வெளியே அனுப்புவது. முடி சோப்பு நீரில் கரையாது. ஈரம் பட்டதும் துணியோடு இன்னும் நன்றாக ஒட்டிக்கொள்ளும். அதனால் முடி எடுக்கிற வேலையைத் துவைப்பதற்கு முன்பே, டவல் மொறுமொறுவென்று காய்ந்திருக்கும்போதே முடித்துவிட வேண்டும். நீங்கள் அதை மெஷினிடம் ஒப்படைத்திருக்கிறீர்கள், அது தன்னால் ஆகாத வேலையை இரண்டு முறை செய்திருக்கிறது.

டர்க்கி டவலின் நெசவைப் பார்த்தால் மீதி புரியும். சாதாரணத் துண்டில் ஒரு பாவு (நீளவாக்கு நூல்), ஒரு ஊடை (குறுக்கு நூல்), அவ்வளவுதான். டர்க்கி டவலில் பாவு இரண்டு வகை. ஒன்று இறுக்கமாக நின்று அடித்துணியைத் தாங்கும். இன்னொன்றைத் தளர்த்தி விட்டு நெய்வதால் துணியின் இரு பக்கமும் சின்னச் சின்ன வளையங்கள் எழும்பும். தண்ணீரை உறிஞ்சுவது அந்த வளையங்கள்தான், முடியைப் பிடிப்பதும் அவைதான். தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர். வளையங்களுக்குள் நுழைந்து வெளியே வர அதற்கு இடம் தாராளம். இரண்டடி நீள முடி ஒன்று இருபது முப்பது வளையங்களுக்குள் ஊசி நூல் போலக் கோத்துக்கொண்டு படுத்திருக்கும். மேலே தெரிவது ஓர் அங்குலம்தான்.

அடுத்து, முடி சும்மா கிடப்பதில்லை, நகர்கிறது. உதிர்ந்த முடி ஒன்றை எடுத்துப் பாருங்கள். இயல்பாக உதிர்ந்ததென்றால் ஒரு முனையில் கடுகைவிடச் சிறிய வெள்ளைப் புள்ளி இருக்கும், அது வேர்முனை. அந்த முடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நீளவாக்கில் வைத்து, இரண்டு விரலையும் முன்னும் பின்னுமாகத் தேயுங்கள். முடி ஒரே பக்கமாக, எப்போதும் வேர்முனை முந்திப் போகும்படி ஊர்ந்து போவது தெரியும். முடியின் மேற்பரப்பில் இருக்கும் செதில்கள் எல்லாம் வேரிலிருந்து நுனியை நோக்கி ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்திருப்பதுதான் காரணம். வேர்ப்பக்கமாகப் போனால் வழுக்கும், நுனிப்பக்கமாகப் போனால் செதில் தட்டும். கம்பளித் துணி தப்பாகத் துவைத்தால் சுருங்கி இறுகுவதும் இதே குணத்தால்தான். மெஷினுக்குள் டவல் புரளும் ஒவ்வொரு முறையும் இந்த ஊர்தல் நடக்கிறது. முடி வேர்முனையை முன்னே விட்டுத் துணிக்குள் இறங்குகிறது, வால் மட்டும் வெளியே நிற்கிறது. நீங்கள் அந்த வாலைப் பிடித்து இழுக்கிறீர்கள். செதிலுக்கு எதிராக இழுப்பதால் வளையமும் சேர்ந்து வருகிறது, இல்லாவிட்டால் முடி அறுந்து பாதி உள்ளே தங்கிவிடுகிறது. ஒரு முடி வர மறுத்தால் டவலைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் பாருங்கள். பெரும்பாலும் மறுமுனை அங்கே எட்டிப் பார்க்கும். அதைப் பிடித்து இழுத்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். எந்த முனை வேர் என்று தெரியாவிட்டால் இரண்டு பக்கமும் லேசாக இழுத்துப் பார்த்து, எளிதாக வரும் பக்கமாகவே உருவுங்கள்.

செய்முறைக்கு வருவோம். டவலை வெயிலில் முழுக்கக் காய விடுங்கள். தொட்டால் குளிர்ச்சி தெரியக் கூடாது. மாடியிலோ வாசலிலோ, காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று, குறுகிய பக்கத்தின் இரு மூலைகளையும் பிடித்து, சாட்டை சொடுக்குவது மாதிரி எட்டுப் பத்து முறை உதறுங்கள். பிறகு மறுமுனையைப் பிடித்து அதேபோல. சும்மா ஆட்டினால் போதாது. கடைசியில் ‘பட்’ என்று சத்தம் வர வேண்டும், வளையங்கள் விரிந்து முடியை விடுவது அந்த நொடியில்தான். அடுத்து டவலை மேசையிலோ கட்டிலிலோ விரித்து, பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, அதை லேசாக நனைத்து உதறிவிட்டு, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி ஒரே திசையில் அழுத்தித் தடவுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் வந்த முடி திரும்ப உள்ளே போகும். பத்துப் பன்னிரண்டு தடவலில் முடி திரண்டு ஒரு திரியாக ஓரத்தில் சேரும். அதை விரலால் எடுத்துப் போடலாம். கையுறை சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் டவல் ஈரமாகி முடி மறுபடி ஒட்டிக்கொள்ளும், ஈரம் பெயருக்கு இருந்தால் போதும். கையுறை இல்லாதவர்கள் சமையல் மேடைத் தண்ணீரைத் தள்ளும் சின்ன ரப்பர் வைப்பரால் இதைச் செய்யலாம், அகலமான டவலுக்கு அதுவே வேகம். இரண்டு பக்கமும் செய்ய வேண்டும். ஒரு டவலுக்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும்.

முடி அதிகம் ஒளிந்திருக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, டவலின் இரு முனைக்கும் சற்று முன்னால் வளையம் இல்லாமல் தட்டையாக ஓடும் பட்டி. வளையப் பகுதியும் தட்டைப் பகுதியும் சேரும் வரப்பில் முடி வந்து நிற்கும். இன்னொன்று, ஓரம் மடித்துத் தைத்த மடிப்பு. இந்த இரண்டுக்கும் புருவம் எடுக்கும் டுவீசர்தான் சரி. தையலுக்குள்ளேயே மாட்டிக்கொண்ட முடியை வெளியே எடுக்க முடியாது. துணியோடு ஒட்ட நறுக்கி விட்டுவிடுங்கள். அது யார் கன்னத்திலும் ஒட்டப் போவதில்லை.

ரோலரைப் பற்றிக் கேட்டீர்கள். ஒட்டும் தாள் சுற்றிய ரோலர், கோட்டு, சட்டை மாதிரி வழவழப்பான துணிக்காகச் செய்தது. டர்க்கி டவலில் மேலாக்கில் கிடக்கும் முடியை எடுக்கும், கோத்துக்கொண்டிருப்பதைத் தொடாது. நாலு உருட்டில் தாள் முழுக்கப் பஞ்சாகி ஒட்டும் தன்மை போய்விடும். அதற்குச் செலவழிப்பதைவிட, பார்சல் ஒட்டும் இரண்டு அங்குல டேப்பைப் பசைப்பக்கம் வெளியே தெரியும்படி கையில் சுற்றிக்கொண்டு தட்டித் தட்டி எடுப்பது மலிவு. தட்ட வேண்டும், தேய்க்கக் கூடாது. வாக்குவம் கிளீனர் இருந்தால் சோபாவுக்கான அகல வாயைப் போட்டு, டவலை ஒருவர் இறுக்கிப் பிடித்துக்கொள்ள, ஒரே திசையில் இழுக்கலாம். செய்யக் கூடாதது: பேன் சீப்பு, ஷேவிங் பிளேடு, துணியில் திரளும் பஞ்சு உருண்டைகளை (பில்லிங்) எடுக்கும் மெஷின். மூன்றும் வளையத்தை அறுக்கும் அல்லது உருவும். தவறி ஏதாவது வளையம் நீளமாக உருவி வந்துவிட்டால் இழுக்காதீர்கள்; மற்ற வளையங்களின் மட்டத்துக்குக் கத்தரியால் வெட்டிவிடுங்கள். அடித்துணியை வேறு பாவு தாங்கியிருப்பதால் வெட்டிய இடத்திலிருந்து டவல் பிரியாது.

இனி துவைப்பு. ஃப்ரண்ட் லோட் மெஷின் தண்ணீரைச் சிக்கனமாக எடுப்பது. டவலே பெரும்பகுதி நீரைக் குடித்துவிடும். முடி பிரிந்து மிதந்து போகும் அளவுக்கு உள்ளே தண்ணீர் நிற்காது. அதனால் டவல்களைத் தனி லோடாகப் போடுங்கள், டிரம்மைத் திணிக்காதீர்கள். 75க்கு 150 செ.மீ. அளவில், 500 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 500 கிராம்) டவல் ஒன்று காய்ந்த நிலையில் கிட்டத்தட்ட 560 கிராம். ஏழு கிலோ மெஷின் என்றாலும் ஐந்தாறு டவலுக்கு மேல் வேண்டாம். கணக்குப்படி இன்னும் சில போடலாம்தான், ஆனால் டவல் இடம் அடைக்கும், புரள வழியில்லாமல் போகும். காட்டன் புரோகிராம், கூடுதல் ரின்ஸ் ஒன்று, மெஷினில் ‘கூடுதல் தண்ணீர்’ பட்டன் இருந்தால் அதையும் அழுத்துங்கள். நைட்டி, லெகிங்ஸ், கறுப்பு டீ ஷர்ட் இவற்றோடு டவலைச் சேர்க்காதீர்கள். டவலின் பஞ்சும் முடியும் அவற்றுக்குப் போகும், அவற்றின் முடி டவலுக்கு வரும். பாலியஸ்டர் கலந்த மைக்ரோஃபைபர் டவல் இருந்தால் அதையும் தனியாக வையுங்கள். காய்ந்த நிலையில் அதில் நிலைமின்சாரம் ஏறி முடியை இழுத்துக்கொள்ளும்.

இரண்டு முறை துவைத்தும் முடி குறையவில்லை என்பதைப் படித்ததும் எனக்கு வந்த சந்தேகம் மெஷின் மேல்தான். முந்தைய துணிகளின் முடி மெஷினுக்குள்ளேயே தங்கி, நீங்கள் போடும் டவலில் ஏறலாம். ஃப்ரண்ட் லோடில் கீழே, பெரும்பாலும் வலது மூலையில், ஒரு சின்னக் கதவு இருக்கும். அதற்குள் பம்ப் ஃபில்டர். மெஷினை அணைத்து, வெந்நீர் புரோகிராம் ஓடியிருந்தால் ஆற விட்டு, கீழே ஒரு தட்டும் பழைய துணியும் வைத்து, பக்கத்தில் சின்ன டியூப் இருந்தால் முதலில் அதன் வழியே தண்ணீரை வடித்துவிட்டு, ஃபில்டரை இடப்பக்கமாகத் திருகிக் கழற்றுங்கள். ஈர முடியும் பஞ்சும் சேர்ந்த ஒரு கட்டி, ஹேர்பின், சில்லறை எல்லாம் வரும். நீளக் கூந்தல் மூன்று பேர் இருக்கும் வீட்டில் மாதத்துக்கு இரண்டு முறை இதைச் செய்தால் தண்ணீர் வடிவதும் சீராக இருக்கும். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தின் மடிப்பை விரித்து ஈரத்துணியால் துடையுங்கள், அங்கே படியும் முடி தவறாமல் அடுத்த லோடுக்குப் போகும். டாப் லோட் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், டப்பின் உள்சுவரில் இருக்கும் வலைப் பையை ஒவ்வொரு துவைப்புக்குப் பிறகும் கவிழ்த்துக் கழுவுங்கள். வலை கிழிந்திருந்தால் புதிது மாற்றுங்கள். கிழிந்த பை பிடித்த முடியை எல்லாம் திரும்பத் துணிக்கே கொடுக்கும்.

பக்கெட்டில் அலசுபவர்கள் பலர் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. டவல் உள்ளே இருக்கும்போதே பக்கெட்டைச் சாய்த்து ஊற்றினால், தண்ணீர் முழுக்க டவல் வழியாகத்தான் வெளியேறும். டவலே வடிகட்டியாகி, மிதந்துகொண்டிருந்த முடி மொத்தத்தையும் பிடித்துக்கொள்ளும். மிதக்கும் முடி நடுவே டவலைத் தூக்கினாலும் அதே கதைதான். சோப்பு போனபின், கடைசி அலசலில், பக்கெட்டைக் குழாயடியில் வைத்து நிரம்பி வழிய விடுங்கள். டவலைத் தண்ணீருக்கு அடியில் வைத்தே நாலைந்து முறை விரித்து அசையுங்கள். மேலே வரும் முடி விளிம்பு வழியாக வழிந்து போன பிறகு டவலை எடுங்கள். சாக்கடை வாய்க்கு ஒரு சல்லடை மூடி இருக்கட்டும்.

வினிகருக்கு வருகிறேன். கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகரில் நாலைந்து சதவீதம் அசிட்டிக் அமிலம். போர்வெல் உப்புத் தண்ணீரில் துவைத்துத் துவைத்து விறைத்துப் போன டவலில் படிந்த சுண்ணாம்பை அது ஓரளவு கரைக்கும். ரின்ஸ் தண்ணீரில் அரை கப் ஊற்றினால் டவல் மிருதுவாவது உண்மை. மிருதுவான டவலை உதறினால் முடி கொஞ்சம் எளிதாக விழலாம். அதற்கு மேல் வினிகர் முடியை ‘விடுவிக்கும்’ என்று சொல்லப்படுவதை நான் நம்பவில்லை. முடியைப் பிடித்திருப்பது வளையங்கள், உப்பு இல்லை. ஆப்பசோடாவையும் வினிகரையும் ஒன்றாகப் போடுவதில் பொங்கும் காட்சி தவிரப் பயன் கிடையாது, ஒன்றை ஒன்று முறித்துவிடும். வினிகரும் பிளீச்சும் மட்டும் எக்காரணம் கொண்டும் சேரக் கூடாது, குளோரின் வாயு வரும். பிளீச்சால் முடியையே கரைத்துவிடலாமே என்று யாராவது சொன்னால், கரைக்கும்தான். ஆனால் முடியைக் கரைக்கும் அளவுக்குக் கெட்டியான பிளீச் பருத்தி நூலையும் அரித்துவிடும். என்சைம் உள்ள சோப்புத்தூள் ஒரு மணி நேரத் துவைப்பில் முடியை ஒன்றும் செய்யாது. ஃபேப்ரிக் கண்டிஷனர் நிலைமின்சாரத்தைக் குறைக்கும், பதிலுக்கு வளையங்கள் மேல் மெல்லிய பூச்சாகப் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும். டவலுக்கு அது வேண்டாம். துணிகளோடு போடும் மிதக்கும் வலைப்பந்துகள் தண்ணீர் நிறைய நிற்கும் டாப் லோடில் கொஞ்சம் பிடிக்கும். உங்கள் ஃப்ரண்ட் லோடில் அவை மிதக்கவே வழியில்லை.

நம் வீடுகளுக்கே உரிய ஒன்று தலைக்கு வைக்கும் எண்ணெய். எண்ணெய்க் குளியல் முடித்துத் துவட்டிய டவலில் எண்ணெய்ப் பிசுக்கும் சீயக்காய்த் தூளும் சேர்ந்து, முடி பசை தடவியது மாதிரி ஒட்டியிருக்கும். இதை உதறிப் பயனில்லை. லேபிள் அனுமதித்தால் 60 டிகிரியில், எண்ணெய்க்காகச் சோப்பை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட்டி ஒருமுறை துவைத்து, முழுக்கக் காயவைத்து, அதன்பின் கையுறை வேலையைத் தொடங்குங்கள். துவைத்தபின் முடி எடுக்க வேண்டிய ஒரே சந்தர்ப்பம் இதுதான். டிரையர் வைத்திருப்பவர்களுக்கு: காய்ந்த டவலைத் துவைக்கும் முன் சூடில்லாத காற்றில் பத்து நிமிடம் சுற்றவிட்டு, பஞ்சு பிடிக்கும் லிண்ட் ஃபில்டரை வழித்தெடுத்தால் பாதி வேலை முடிந்தது. எண்ணெய் மிச்சமிருக்கும் டவலை மட்டும் டிரையரில் சூடாக்கிச் சுடச்சுடக் குவித்து வைக்காதீர்கள். நல்லெண்ணெய் போன்ற தாவர எண்ணெய் ஊறிய துணிக்குவியல் தானாகச் சூடேறித் தீப்பிடிப்பது சலவைத் தொழிலில் தெரிந்த ஆபத்து.

முடி டவலுக்கு வராமல் தடுப்பது இதைவிட எளிது. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. தலைக்குக் குளிக்காத நாட்களில் உதிர்ந்தவை கூந்தலுக்குள்ளேயே தங்கி, குளித்த அன்று மொத்தமாக வரும். குளிக்கப் போகும் முன் அகலப் பல் சீப்பால் நன்றாக வாரிவிட்டால் அவை சீப்போடு போய்விடும். தலை துவட்ட டர்க்கி டவலே வேண்டாம். ஈரிழைத் துண்டு, குற்றாலத் துண்டு மாதிரி வளையமில்லாத பருத்தித் துண்டு ஆளுக்கு ஒன்று ஒதுக்குங்கள். சாதா நெசவில் முடி மேலேயே கிடக்கும், ஒரு உதறலில் விழும், சீக்கிரம் காயும். முகத்துக்கும் உடம்புக்கும் டர்க்கி டவல் இருக்கட்டும். வீட்டில் பிள்ளைகளுக்கு முடி வெட்டினால் தோளில் டர்க்கி டவல் போர்த்துவதை அடியோடு நிறுத்துங்கள். வெட்டிய துண்டு முடி வளையங்களுக்கு நடுவே செங்குத்தாகக் குத்தி நிற்கும், உதறலுக்கும் கையுறைக்கும் அசையாது, டேப்பால் தட்டி எடுத்தாலும் மிச்சம் இருக்கும். பழைய வேட்டியோ வழவழப்பான நைலான் துணியோ போதும். நாய், பூனை துடைக்கும் டவலை நிரந்தரமாகத் தனியாக வைத்துவிடுங்கள்.

உடல்நலத்தைப் பொறுத்தவரை, டவலில் முடி இருப்பது அருவருப்பு என்பதைத் தாண்டிப் பெரும்பாலும் ஆபத்தில்லை. இரண்டு விதிவிலக்குகள் உண்டு. கைக்குழந்தை இருக்கும் வீட்டில், டவலிலோ சாக்ஸிலோ இருக்கும் நீள முடி குழந்தையின் கால்விரலில் சுற்றி இறுகி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். காரணம் தெரியாமல் குழந்தை அழுது, விரல் ஒன்று சிவந்து வீங்கியிருந்தால் உடனே அதில் முடி சுற்றியிருக்கிறதா என்று தேடுங்கள். முடி கண்ணில் படவில்லை, அல்லது எடுக்க வரவில்லை என்றால் அடுத்த நிமிடம் ஆஸ்பத்திரி. குழந்தைக்கான டவலைத் தனியாகத் துவைத்து, விரித்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். இன்னொன்று பேன். தலையை விட்டு விழுந்த பேன் ஓரிரு நாளுக்கு மேல் உயிரோடு இருப்பதில்லை. அதற்குள் வேறொருவர் அதே டவலால் துவட்டினால் ஏறலாம். வீட்டில் யாருக்காவது பேன் இருந்தால் அவருடைய டவலை உதறாதீர்கள், நேராக 55 டிகிரிக்கு மேற்பட்ட வெந்நீரில் போடுங்கள்.

டவலை மாற்றலாமா என்பதற்கு: இப்போதைக்கு வேண்டாம். முதலில் ஃபில்டரைச் சுத்தம் செய்யுங்கள், பிறகு மேலே சொன்னபடி காயவைத்து, உதறி, கையுறை போட்டு, துவைத்து, காய்ந்ததும் மறுபடி ஒருமுறை உதறுங்கள். முதல் சுற்றில் முழுக்கப் போகாது. ஆழத்தில் கோத்திருப்பவை அடுத்த துவைப்பில் ஊர்ந்து மறுபக்கம் எட்டிப் பார்க்கலாம். மூன்று சுற்றுக்குப் பிறகும் உறுத்தும் டவல் எது என்று பார்த்து, அதைத் தரை துடைக்கவோ மிதியடியாகவோ ஒதுக்குங்கள். புதிது வாங்கும்போது வளையம் நீண்டு தொளதொளவென்றிருப்பதைத் தவிர்த்து, வளையம் குட்டையாக, நெருக்கமாக உள்ளதை எடுங்கள். 400 முதல் 450 ஜிஎஸ்எம் அன்றாடப் பயன்பாட்டுக்குப் போதும், நம் மழைக்காலத்தில் காயவும் செய்யும். புது டவல் முதல் சில துவைப்பில் பஞ்சு விடும். அதை முடி என்று நினைத்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.